தெளிநீரும் இலைப்பரப்பும்: கொழுப்புப் புடகங்கள் ஒட்டும் விதம்

பளையிலும் அயற்பகுதிகளிலும் உள்ள நெல், மரக்கறிச் செய்கையாளர்க்கான விளக்கம்

முகவுரை

கமக்காரர் தம் பயிரைக் காக்கும்பொருட்டுத் தெளிக்கும் நீர்மம் எதுவாயினும், அது பூச்சியையோ நோயையோ தாக்குமுன் இலையின் பரப்பை அடைந்து அங்கே தங்குதல் வேண்டும். தங்கிப் பரவினால் பயன் உண்டு. உருண்டு வீழ்ந்தால், செலவிட்ட பொருளும் தெளித்தவரின் உழைப்பும் மண்ணுக்கே போகும்.

வேப்பெண்ணெய், வேப்பம்விதைச் சாறு, சவர்க்கார நீர் முதலியவற்றை நம் தோட்டக்காரர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். இலங்கையில் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் கடையில் மருந்து கிடையாமையால் பலர் வீட்டுத் தெளிநீரையே நம்ப நேர்ந்தது. ஒரே அளவிற் கலந்த தெளிநீர் ஒரு தோட்டத்தில் அழுக்கணவனை ஒழிப்பதும், அடுத்த தோட்டத்தில் ஒன்றுஞ் செய்யாது விடுவதும் உண்டு. இதனை மருந்தின் குற்றம் என்பர் சிலர். பூச்சியின் வலிமை என்பர் வேறு சிலர். பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டிலும் இல்லை. கலந்த நீரிலும், அது விழுந்த பரப்பிலும் காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

எண்ணெய், சவர்க்காரம், முட்டைக் கரு ஆகியவற்றிலுள்ள கொழுப்புப் பொருள்கள் நீரில் எவ்வுருவம் கொள்கின்றன, ஒரு பரப்பை அடைந்ததும் அவை என்ன ஆகின்றன, கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு அவற்றை எவ்வாறு மாற்றுகின்றது என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. இறுதியிற் செய்முறைகளும் தரப்பட்டுள்ளன.

இலையின் மேற்றோல்

எல்லா இலைகளின் புறத்தேயும் கியூற்றின் என்னும் பொருளாலான மெல்லிய போர்வை ஒன்றுண்டு. அதனுள்ளும் அதன் மேலும் மெழுகு படிந்திருக்கும். இலை தன் நீரை வெயிலில் இழந்து வாடாதிருத்தற்கு இயற்கை அளித்த காப்பு இது. உள்ளிருக்கும் நீரை வெளியே விடாத இம்மெழுகு, வெளியிலிருந்து வரும் நீரையும் எளிதில் ஏற்காது.

இக்காப்பு எல்லாப் பயிருக்கும் ஒரே தன்மையதன்று. நெல்லிலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய முனைப்புகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள் படிந்துள்ளன. நீர்த்துளி இம்முனைப்புகளின் நுனியில் மட்டும் தங்கி நிற்க, அதன் கீழே காற்று அடைபட்டுக் கிடக்கும். ஆகையால் துளி ஏறக்குறைய முழு உருண்டையாகி, சிறு காற்றுக்கும் உருண்டோடிவிடும். தாமரையிலையிலும் சேம்பின் இலையிலும் நாம் காண்பதும் இதுவே. செருமனி நாட்டுத் தாவரவியலாளர் பார்த்லொற், நைன்யுயிஸ் என்போர் 1997-ஆம் ஆண்டில் இக்காரணத்தை விரிவாக விளக்கினர்.

வெங்காயத்தாளும் கோவாவிலையும் மெழுகு மிகுந்தவை. கத்தரியிலையில், சிறப்பாக அதன் அடிப்புறத்தில், மயிர்கள் செறிந்துள்ளன. துளி அம்மயிர்களின் மேலேயே தொங்கி நின்றுவிடின், கீழே ஒதுங்கியிருக்கும் பூச்சியை எட்டாது. மிளகாயிலை வழுவழுப்பானது. அதிலே துளி தங்கும். எனினும் தானாகப் பரவுவதில்லை.

இவ்வேறுபாட்டைக் கமக்காரர் தாமே கண்டறியலாம். காலையிற் பனி உலர்ந்தபின், நெல், கத்தரி, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இலைகளில் ஒவ்வொரு துளி நீரை ஈர்க்கு நுனியால் வைத்து, இலையைச் சற்றே சரித்துப் பார்த்தல் வேண்டும். எந்தத் துளி ஓடுகின்றதோ, அந்தப் பயிருக்கு வெறும் நீரிற் கலந்த மருந்து பெரும்பாலும் வீணாகும் என்று அறிக.

சவர்க்காரம் செய்யும் வேலை

நீர் தன் புறப்பரப்பைச் சுருக்கி உருண்டையாக நிற்க முயல்வது பரப்பிழுவிசையினாலாகும். 25 பாகை வெப்பநிலையில் தூய நீரின் பரப்பிழுவிசை மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன். நல்ல சவர்க்காரக் கரைசலில் இது ஏறத்தாழ 30 அளவிற்கு இறங்கும். இழுவிசை குறைந்ததும் துளி தளர்ந்து தட்டையாகி, முனைப்புகளின் இடையிலும் மயிர்களின் இடையிலும் புகும்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? சவர்க்காரத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தலையும் ஒரு வாலும் உடையது. தலை நீரை விரும்புவது. வால் நீரை வெறுத்து எண்ணெயையும் மெழுகையும் நாடுவது. மெழுகிலையை அடைந்த மூலக்கூறு தன் வாலை மெழுகின் மேற் படுத்தித் தலையை நீர்ப்பக்கம் நீட்டி நிற்கும். அவ்வாறு பல கோடி மூலக்கூறுகள் நின்றதும், நீருக்கு முகங்கொடுப்பது மெழுகன்று, நீரை விரும்பும் தலைகளே. ஒரு பொருள் இவ்வாறு மற்றொன்றின் பரப்பில் வந்து படிந்து நிற்பதைப் புறத்துறிஞ்சல் என்பர். உள்ளே புகுந்து ஊறுவது உறிஞ்சல். புறத்தே படிந்து நிற்பது புறத்துறிஞ்சல். இவ்விரண்டையும் மயக்கலாகாது.

எண்ணெயைக் கலக்கும்போதும் சவர்க்காரம் இதே வேலையைச் செய்கின்றது. வால்களை எண்ணெய்த் துளியினுள் ஊன்றி, தலைகளை வெளியே நீட்டி, துளிகள் ஒன்றோடொன்று சேராதபடி காக்கின்றது. பால்போல் வெண்மையாகும் இக்கலவையைப் பால்மம் என்பர்.

புடகம் என்பது யாது?

சவர்க்கார மூலக்கூற்றுக்கு வால் ஒன்று. ஆனால் முட்டை மஞ்சட் கருவிலும் சோயா விதையிலும் உள்ள லெசித்தின் என்னும் கொழுப்புப் பொருளுக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. வால் இரண்டாதலால் மூலக்கூறு அகன்று, நீரில் வேறோர் உருவத்தை எடுக்கின்றது. மூலக்கூறுகள் இரு வரிசையாக, வால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்கவும் தலைகள் இருபுறமும் நீரை நோக்கவும் அணிவகுத்து, மெல்லிய படலமாகின்றன. அப்படலம் தன் ஓரங்களை மூடிக்கொண்டு பையாகிவிடும். நீரின் நடுவே, நீரை உள்ளடக்கிய இக்கொழுப்புப் பையே புடகம் எனப்படுவது.

படலத்தின் தடிப்பு 4 முதல் 5 நனோமீற்றர் வரையாகும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு நனோமீற்றர். இத்தகைய படலங்கள் இருபதாயிரத்தை அடுக்கினால் ஒரு கடதாசித் தாளின் தடிப்பு வரும். இங்கிலாந்தில் பேபிரகாம் என்னும் இடத்து ஆராய்ச்சி நிலையத்தில் அலெக் பாங்கம் என்பார் 1960-களின் முற்பகுதியில் முட்டை லெசித்தினை நீரிலிட்டு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கி, இப்பைகளை உலகுக்கு அறிவித்தார். தாவரம், பூச்சி, விலங்கு ஆகிய எல்லா உயிர்க்கலங்களின் சுற்றுமென்றகடும் இதே அமைப்புடையது.

சவர்க்காரமும் ஓரோவழி புடகமாகும். கரைசலின் காரத்தன்மை சிறிது குறைந்து, சவர்க்காரத்தின் ஒரு பகுதி கொழுப்பமிலமாக மாறும்போது, அவ்விரண்டும் சேர்ந்து பைகளை ஆக்கும். இதனைக் கெபிக்கி, ஹிக்ஸ் என்போர் 1973-இற் காட்டினர். ஆகவே சவர்க்காரமும் லெசித்தினும் ஒரே குடும்பத்துப் பொருள்களே. ஆயினும் கிணற்று நீரில் அவற்றின் நடத்தை வெவ்வேறு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பரப்பை அடைந்த புடகத்தின் கதி

புடகம் ஒரு பரப்பை அடைந்தால் மூன்றில் ஒன்று நிகழும். பரப்பு அதனை விலக்கினால், ஒட்டாமலே நீரோடு போய்விடும். ஓரளவு ஈர்த்தால், உடையாமல் ஒட்டிக்கொண்டு, நீர் நிறைந்த பையைத் தரையில் வைத்தாற்போல் அடி தட்டையாகி அமர்ந்திருக்கும். வலிதாக ஈர்த்தால், படலம் இழுபட்டுக் கிழிந்து, பை விரிந்து பரப்பின் மேற் பாயாகப் படிந்துவிடும்.

புடகங்கள் கண்ணாடியின் மேல் விரிந்து படலமாவதை அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிரையன், மக்கொனல் என்போர் 1984-இல் வெளியிட்டனர். பின்னர் 1998-இல் சுவீடன் நாட்டில் கெல்லர், கசேமோ என்போர், அதிர்ந்துகொண்டிருக்கும் படிகக்கல் ஒன்றைத் தராசாகக் கொண்டு, அதன் மேற் படியும் புடகங்களை நிறுத்தனர். மூன்று வகையான பரப்புகளில் மூன்று வகையான முடிவுகள் கிடைத்தன. சிலிக்காப் பரப்பில், புடகங்கள் முதலில் உடையாமல் ஒட்டின. இடம் நெருங்கியதும் கிழிந்து ஈரடுக்குப் படலமாயின. ஒட்சியேறிய பொன்னின் மேல் அவை உடையாது பைகளாகவே இருந்தன. மெழுகைப் போல நீரை வெறுக்கும் பரப்பில், வால்கள் கீழும் தலைகள் மேலுமாக ஓரடுக்குப் படலம் உண்டாயிற்று.

இம்முடிவிலிருந்து கமக்காரர் இரண்டு உண்மைகளைக் கொள்ளலாம்.

முதலாவது, ஒட்டுதல் பொருளை மட்டும் பொறுத்ததன்று, பரப்பையும் பொறுத்தது. கண்ணாடிப் போத்தலின் உட்புறத்தில் நன்றாகப் படியும் கலவை, நெல்லிலையிலும் அவ்வாறே படியும் என்று கருதலாகாது. மெழுகிலை மூன்றாவது வகைப் பரப்பை ஒத்தது. இலைக்கு இயல்பான கரடுமுரடும் மயிரும் இருத்தலால் ஆய்வுகூடத்தைப் போல் ஒழுங்காக நிகழாவிடினும், வால் மெழுகை நாடுவது, தலை நீரை நாடுவது என்ற விதி மாறாது.

இரண்டாவது, பரப்பில் வந்து சேரும் அளவு குறைந்தால் படலம் உண்டாவதில்லை. சிலிக்காவின் மேல் ஒட்டிய புடகங்களும் நெருக்கம் ஏற்பட்ட பின்னரே கிழிந்து பரவின. மிக நீர்த்த கலவையைப் பலமுறை தெளிப்பது, சரியான செறிவில் ஒருமுறை இலை முழுதும் நனையத் தெளிப்பதற்கு ஈடாகாது.

சுண்ணாம்பின் இரு முகங்கள்

நீரிற் கரைந்த கல்சியம் நேர்மின் ஏற்றம் உடையது. பல கொழுப்புத் தலைகளும், பல பரப்புகளும் எதிர்மின் ஏற்றம் உடையன. ஓரினமான ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆகையால் எதிர்மின் புடகம் எதிர்மின் பரப்பை எளிதில் நெருங்காது. கல்சியம் இடையே புகுந்து இருபுறத்தையும் பற்றிப் பாலமாக நின்றால், புடகம் ஒட்டவும் கிழிந்து பரவவும் வழியுண்டாகின்றது. ஆய்வுகூடங்களில் இதற்காகவே கல்சிய உப்பைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு.

ஆனால் அதே பாலம் தாங்கியினுள் இரண்டு புடகங்களுக்கிடையே அமைந்தால், அவை இலையை அடையுமுன்னரே ஒன்றோடொன்று திரண்டுவிடும். சவர்க்காரத்தின் கதி இன்னும் மோசமானது. கல்சியத்தோடு சேர்ந்த சவர்க்காரம் நீரிற் கரையாத வெண்கட்டியாகின்றது. குளிக்குமிடத்தில் வாளியின் விளிம்பிற் படியும் வெண்கறை இதுவே. கட்டியானது நுரைக்காது, எண்ணெயைத் தாங்காது, இலையை நனைக்காது. தெளிகருவியின் முனைத் துளையை அடைப்பது ஒன்றே அது செய்யும் வேலை.

லெசித்தின் இவ்வாறு கட்டியாவதில்லை. அதன் தலையில் நேர்மின்னும் எதிர்மின்னும் ஒருங்கே இருத்தலால், மொத்தத்தில் அது ஏற்றமற்றது போன்றது. எனவே, சுண்ணாம்பு மிகுந்த நீரிலும் அது தன் வேலையைச் செய்யும்.

பளைக் கிணற்று நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. பச்சிலைப்பள்ளிப் பிரிவைச் சேர்ந்த பளை, குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு இணைக்கும் நிலத்தின் மேல், ஆனையிறவுக்கு வடக்கே அமைந்துள்ளது. மணற்பாங்கான மேல்மண்ணும், அதன் கீழ்ச் சுண்ணாம்புக்கல்லும், அண்மையிற் கடனீரேரியும் கடலும் இருத்தலால், கிணற்றுக்குக் கிணறு நீரின் தன்மை மாறுபடும். ஒரு கிணற்றில் நன்னீர், அடுத்ததில் சுண்ணாம்பு மிகுந்த வன்னீர், வேறொன்றில் உவர். ஆகவே அயலாரின் தெளிநீர் பலித்தது என்பதனால் நமதும் பலிக்கும் என்று கொள்ளுதற்கில்லை.

வன்னீர் எவ்வளவு சவர்க்காரத்தை வீணாக்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டலாம். ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான வன்மை உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். அந்நீரிலுள்ள கல்சியம் முழுவதையும் கட்டியாக்குதற்கு லீற்றருக்கு ஏறத்தாழ 1.8 கிராம் தூய சவர்க்காரம் செலவாகும். 100 லீற்றர் தெளிநீருக்கு 200 கிராம் சவர்க்காரம் இட்டால், அதில் 180 கிராம் சுண்ணாம்புக்கே இரையாகி, இலைக்கும் எண்ணெய்க்கும் எஞ்சுவது 20 கிராம் மட்டுமே. மழைநீரில் அதே 200 கிராமும் முழுமையாக வேலை செய்யும். ஒரே அளவு, ஒரே மருந்து, ஒரே பூச்சி, பயனோ பத்திலொன்று. இரு தோட்டங்களின் வேறுபாடு இவ்வாறே உண்டாகின்றது.

வீட்டிற் செய்யத்தக்க சோதனை

1. ஒரே அளவான இரண்டு தெளிந்த போத்தல்களை நன்றாகக் கழுவி, ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் மழைநீரையும் அரைப் போத்தல் அளவு ஊற்றுக.

2. கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, ஒவ்வொன்றிலும் ஒரு பயற்றளவு இட்டு, மூடி, இருபது முறை குலுக்குக. சலவைத் தூளையோ திரவச் சவர்க்காரத்தையோ இச்சோதனைக்குப் பயன்படுத்தலாகாது.

3. ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்க. மழைநீரில் நுரை நின்று, நீர் ஏறக்குறையத் தெளிவாக இருக்கும். வன்னீரில் நுரை அடங்கி, வெண்டிரள்கள் மிதக்கும்.

4. நுரை நிற்கும்வரை கிணற்று நீரிற் பயற்றளவாகச் சவர்க்காரத்தைக் கூட்டிக்கொண்டு போக. எத்தனை மடங்கு வேண்டியதோ, அதுவே அக்கிணற்றின் வன்மைக்கு ஏற்ற குறிப்பாகும்.

இச்சோதனையை மாரியில் ஒருமுறையும், கோடையிற் கிணறு வற்றும் காலத்தில் ஒருமுறையும் செய்தல் நன்று. நீர் வாயில் உவர்த்தால் அதனைத் தெளிநீருக்குக் கொள்ளவே கூடாது. துளி உலருந்தோறும் அதிலுள்ள உப்பு செறிவடைந்து இலையின் ஓரத்தைக் கருக்கும்.

வன்னீர்த் தோட்டத்திற்குரிய வழிகள்

மழைநீரே சிறந்தது. தெளிநீருக்கு வேண்டிய நீர், பாய்ச்சலுக்கு வேண்டியதில் மிகச் சிறு பங்கேயாகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கூரைநீரைப் பீப்பாய்களிற் பிடித்து, கொசு புகாதவாறு மூடி வைத்தால், பல தெளிப்புகளுக்கு உதவும். புதிய சீமெந்துத் தொட்டியிற் சேர்த்த மழைநீர், சீமெந்திலிருந்து சுண்ணாம்பை வாங்கிக்கொள்ளும் என்பதை நினைவிற் கொள்க.

மழைநீர் கிடையாவிடின், தேங்காயெண்ணெயாற் செய்த சவர்க்காரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அது மற்றைக் கட்டிச் சவர்க்காரங்களைக் காட்டிலும் வன்னீரைத் தாங்கி நுரைக்கும். பாத்திரம் கழுவும் திரவங்கள் பெரும்பாலும் வேறு வகைப் பொருள்களாலானவை; கல்சியத்தினாற் கட்டியாவதில்லை. இவற்றை மிகச் சிறிதளவே, சில செடிகளிற் சோதித்த பின்னரே பயன்படுத்துதல் வேண்டும். சலவைத் தூளிற் சலவைச் சோடா கலந்திருத்தலால் இலை கருகும்; அதனைத் தவிர்க்க.

சவர்க்காரத்தின் அளவை வரையறையின்றிக் கூட்டுவது பிழையான வழி. இலையின் மெழுகையும் கலமென்றகட்டையும் சவர்க்காரம் தாக்கும். அழுக்கணவனின் மென்மையான உடலைச் சிதைக்கும் அதே ஆற்றல், அளவு மீறினால் இலையையும் சிதைக்கும்.

செய்முறைகள்

வேப்பம்விதைச் சாறு: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 100 லீற்றருக்கு 5 கிலோகிராம் உலர்ந்த வேப்பம் பருப்பையும் 200 கிராம் சவர்க்காரப் பொருளையும் கூறுகின்றது. பத்து லீற்றர்த் தாங்கி ஒன்றுக்கு 500 கிராம் பருப்பும் 20 கிராம் சவர்க்காரமும் ஆகும். பருப்பை இடித்துத் தூளாக்கி, சிறிது நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, மீதி நீரைச் சேர்த்து, கரைத்த சவர்க்காரத்தை இறுதியிற் கலக்குக. சாறு வெண்மையாக இருத்தல் வேண்டும். வைத்திருந்து பயன்படுத்தலாகாது.

வேப்பெண்ணெய்ப் பால்மம்: ஒரு லீற்றருக்கு 15 முதல் 30 மில்லிலீற்றர் வரை எண்ணெய் என்பது அப்பல்கலைக்கழகத்தின் அளவு. மரக்கறியில் குறைந்த அளவிலேயே தொடங்குக. எண்ணெயை நேரே தாங்கியில் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. முதலிற் சவர்க்காரத்தை ஒரு கோப்பை மழைநீரிற் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கடைந்து, பால்போலானதும் எஞ்சிய நீரிற் சேர்க்க. இவ்வாறு செய்தால் எண்ணெய்த் துளிகள், சுண்ணாம்பைச் சந்திக்குமுன்னரே தம் போர்வையைப் பெற்றுவிடும். கலந்தவுடன் தெளித்து முடித்தல் வேண்டும். இடையிடையே தாங்கியைக் குலுக்குக. மேலே எண்ணெய் மிதக்கக் கண்டால் அதனைத் தெளிக்கலாகாது. திரண்ட எண்ணெய் விழுந்த இலை வெந்துபோகும்.

முட்டைக்கரு எண்ணெய்ப் பால்மம்: தென்கொரியாவிற் கமத்தொழில் ஆராய்ச்சியாளர் வெள்ளரி முதலிய பயிர்களில் தோன்றும் தூள் பூஞ்சண நோய்க்கு இதனைப் பரப்பியுள்ளனர். 20 லீற்றர் தெளிநீருக்கு ஒரு முட்டையின் மஞ்சட் கருவும் 60 மில்லிலீற்றர் சமையலெண்ணெயும் வேண்டும். நோய் தோன்றியபின் எண்ணெயை 100 மில்லிலீற்றராகக் கூட்டுவர். கருவை ஒரு கோப்பை நீரில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடித்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு மேலும் சில நிமிடம் அடித்து, பின் நீரிற் சேர்க்க. நோய் வருமுன் 10 முதல் 14 நாளுக்கொருமுறையும், வந்தபின் 5 முதல் 7 நாளுக்கொருமுறையும் தெளிப்பது அங்குள்ள முறை. இங்கே எண்ணெயைத் தாங்குவது சவர்க்காரமன்று, கருவிலுள்ள லெசித்தின். ஆகையால் வன்னீர்க் கிணறு உடையோர் வெண்டி, பூசணி, வெள்ளரி ஆகியவற்றில் இதனைச் சில செடிகளிற் சோதித்துப் பார்க்கத்தக்கது. கொரியாவிற் பயன்பட்டது கனோலா எண்ணெய். வேறெண்ணெய் கொள்வோர் முதலில் ஐந்து செடிகளில் மட்டும் தெளித்து இரண்டு நாள் காத்திருக்க.

தெளிக்கும் காலமும் முறையும்

சவர்க்காரமும் எண்ணெயும் பூச்சியின் உடலில் நேரே பட்டாலன்றிப் பயன்படா. சவர்க்கார நீர் உலர்ந்தபின் அதன் ஆற்றல் முடிந்தது. அழுக்கணவன், வெண் ஈ, பனிப்பூச்சி ஆகியன பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் தங்குவன. எனவே தெளிமுனையை மேனோக்கித் திருப்பி, அடிப்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். வேம்பின் சாரமாகிய அசாடிரக்றின் வெயிலிற் சிதைவது. மாலையே ஏற்ற பொழுது. நண்பகலில் தெளித்தால் துளி விரைந்து உலர்ந்து, இலையும் கருகும்.

நெல்வயலில் தெளிநீர் இலையில் நில்லாது வயனீரில் வீழ்வது மிகுதி. கபிலநிறத் தத்தி பயிரின் அடித்தண்டில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தங்குவதாகையால், மேலிலையில் மட்டும் தெளிப்பது பயனற்றது. தெளிமுனையைத் தாழ்த்தி, நிரைகளின் இடையே அடிப்பக்கத்தை நோக்கித் தெளிக்க. வயனீர் குளத்திற்கோ வாய்க்காலுக்கோ வடியும் வேளையில் தெளித்தல் கூடாது. சவர்க்காரமும் வேம்பும் மீனுக்குத் தீங்கு செய்யும்.

கடையில் வாங்கிய பீடைகொல்லியோடு சவர்க்காரத்தைத் தாமாகவே கலத்தலாகாது. சவர்க்காரத்தின் காரத்தன்மை சில மருந்துகளைச் சிதைக்கும். போத்தலின் சுட்டுத்துண்டிற் கூறியபடியே நடக்க.

பிறநாட்டு ஆராய்ச்சி ஒன்று

புடகத்தின் உள்ளே நீர் உண்டு என்று கண்டோம். அந்நீரிற் பயிருணவைக் கரைத்து வைத்து இலைக்கு ஊட்ட முடியுமா என இசுரேல் நாட்டுத் தெக்னியோன் ஆராய்ச்சியாளர் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். இரும்பும் மகனீசியமும் அடைத்த புடகங்களைத் தக்காளியிலையில் இட்டபோது, குறைபாட்டால் வாடிய செடிகள் தேறின. புடகங்களில் 33 சதவீதம் வரை இலையினுட் புகுந்ததாகவும், தனியே இட்ட பொருள் ஒரு சதவீதத்திற்கும் குறைவாகவே புகுந்ததாகவும் கண்டனர். இது நம் தோட்டத்திற் செய்துகொள்ளத்தக்க முறையன்று. ஆயினும், இலைப்பரப்பில் ஒரு பொருள் எவ்வுருவில் வந்து சேர்கின்றதென்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. மருந்தைக் குறை கூறுமுன் நீரைச் சோதிக்க. போத்தற் சோதனைக்குச் செலவில்லை.

2. தெளிநீருக்கு மழைநீரைச் சேமிக்க. உவர்நீரை விலக்குக.

3. பயிரின் இலையை அறிக. நெல், வெங்காயம், கோவா ஆகியவற்றில் நனைக்கும் பொருளின்றித் தெளிப்பது வீண்.

4. எண்ணெயை முதலிற் சிறிது மென்னீரில் சவர்க்காரத்தோடு கடைந்து, பின்னரே பெருநீரிற் சேர்க்க.

5. வன்னீரிற் சவர்க்காரம் கட்டியாகும். முட்டைக் கருவின் லெசித்தின் கட்டியாகாது.

6. எப்புதிய கலவையையும் ஐந்து செடிகளில் தெளித்து, இரண்டு நாள் பார்த்த பின்னரே தோட்டம் முழுவதும் தெளிக்க.

ஐயம் உள்ளோர் கிணற்று நீரில் ஒரு போத்தலையும், பாதிக்கப்பட்ட இலைகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு, தம் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுவாராக.